டேட்டா விலையும் எங்கள் காசும்: வன்னிப் பாவனையாளர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பெருநிலப் பக்கங்களில் போன் பாவிக்கிற ஆட்கள் பக்கேஜ் விலை மாறும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கணக்குக் காட்டுவதற்காகச் சில இடங்களில் பக்கேஜ் விலைகளை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறோம். இன்றைய விலையை உங்கள் போனில் உள்ள மெனுவிலோ கொம்பனியின் செயலியிலோ பாருங்கள்.

2022க்குப் பிறகு விலை இவ்வளவு ஏறியது ஏன்? கூட்டினது கொம்பனியோ, அரசாங்கமோ?

இரண்டு பக்கமும் கூட்டின. 2022 செப்டெம்பர் 5ஆம் திகதியிலிருந்து கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 வீதமும் கட்டணத் தொலைக்காட்சி 25 வீதமும் கூடின. அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. அந்த வருடம் மார்ச்சில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது. 2021 டிசெம்பரில் 121 ரூபாய்க்கு விற்ற ஒட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய். டவருக்கு வேண்டிய கருவிகள் டொலருக்கு வருகின்றன, கரண்ட் இல்லாத நேரம் டவர் ஜெனரேற்றரில் ஓடுகிறது. ஆகவே செலவு கூடியதென்பது பொய்யில்லை.

வரி தனிக்கணக்கு. வற் வரி 2022 ஜூன் 1இல் 8இலிருந்து 12 வீதமாகவும், செப்டெம்பர் 1இல் 15 வீதமாகவும், 2024 ஜனவரி 1இல் 18 வீதமாகவும் ஏறியது. இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் வந்து சேர்ந்தது. கதைக்கிற கட்டணத்துக்குத் தொலைத்தொடர்பு வரி என்று இன்னொன்றும் உண்டு. டேட்டாவுக்கு அது 2017 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஒரே சிம்மில் கோலுக்கு வெட்டுகிற வரியும் டேட்டாவுக்கு வெட்டுகிற வரியும் வேறாக இருப்பது இதனால்தான்.

"வரி கூடினதாலதான் விலை கூடினது" எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ எண்டு எப்படிப் பார்க்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போதும். வரியில்லாத விலை 1000 ரூபாய் என்று வைத்தால், வற் 15 வீதமாக இருந்தபோது நீங்கள் கட்டியது 1150. 18 வீதமானபோது 1180. 1150க்கு 30 ரூபாய் கூடினால் அது 2.6 வீதம். 2024 ஜனவரியில் உங்கள் பக்கேஜ் 2.6 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், மிச்சம் வரியால் வந்ததல்ல.

அடுத்த முறை வரி மாறும்போதும் இதே வழிதான்: புது வரியோடு 100ஐக் கூட்டுங்கள், பழைய வரியோடு 100ஐக் கூட்டுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 118ஐ 115ஆல் வகுத்தால் 1.026, அதாவது 2.6 வீத உயர்வு.

2022 மே மாதத்திலிருந்து 2024 ஜனவரி வரைக்குமான முழுக் கணக்கையும் போடலாம். 20 வீதக் கட்டண உயர்வு, 2.5 வீத வரி, 8இலிருந்து 18க்குப் போன வற் மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறக்குறைய 34 வீதம் வரும். அதாவது, 2022 மே மாதம் 500 ரூபாயாக இருந்த பக்கேஜ், உள்ளே இருப்பது மாறாமல் 670 ரூபாயளவில் நிற்கவேண்டும். உங்கள் கையில் பழைய எஸ்.எம்.எஸ். இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிடக் கூடவென்றால், யார் அனுமதித்தது என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு.

இறங்கிய செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும். கரண்ட் கட்டணம் 2025 ஜனவரியில் சராசரியாக 20 வீதம் குறைந்தது. டீசலும் 460இல் நிற்கவில்லை. ஏறினபோது செலவைக் காரணம் காட்டியவர்கள், இறங்கினபோதும் அதே செலவைக் காட்டிக் கணக்குச் சொல்லவேண்டும். சனத்தின் கோபம் இந்த இடத்தில் முழுக்க நியாயமானது.

விலை அப்படியேதான் இருக்கு. ஆனா டேட்டா முந்தியைவிடக் கெதியா முடியுது. ஏன்?

விலையை ஏற்றாமல் உள்ளிருப்பதைக் குறைப்பது ஒரு வழக்கமான வேலை. மூன்று இடத்தில் அது நடக்கும்.

முதலாவது அளவு. 500 ரூபாய்க்கு 10 ஜிபி தந்தது 8 ஜிபி ஆனால், ஒரு ஜிபியின் விலை 50 ரூபாயிலிருந்து 62.50 ஆகிறது. பார்க்க 2 ஜிபிதானே என்றிருக்கும், உண்மையில் 25 வீத உயர்வு.

இரண்டாவது நாட்கள். 30 நாள் பக்கேஜை வருடத்துக்கு 12 முறை வாங்குவீர்கள், 28 நாள் பக்கேஜை 13 முறை. 21 நாள் என்றால் 17 முறைக்கு மேல். விலைப் பட்டியலில் "மாதம்" என்ற சொல்லை நம்பவேண்டாம். நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: இரவு டேட்டா. "30 ஜிபி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், அதில் பாதி நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 7 அல்லது 8 மணிவரை மட்டும் வேலை செய்யும். விடிய எழும்பி வயலுக்கோ கடலுக்கோ போகிற வீட்டில் அந்தப் பாதி அப்படியே காலாவதியாகும். உங்களுக்கு அது 15 ஜிபி பக்கேஜ்தான். விலையை 15ஆல் வகுத்து அடுத்த பக்கேஜோடு ஒப்பிடுங்கள். இதேபோல யூடியூப்புக்கு மட்டும், வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய டேட்டாவில், நீங்கள் பாவிக்காத செயலியின் பங்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வட்ஸ்அப் பக்கேஜ் இருந்தாலும், வட்ஸ்அப்பில் வந்த யூடியூப் லிங்கைத் தட்டினால் அது பொது டேட்டாவில்தான் போகும். பொது டேட்டா இல்லையென்றால் பிரதான மீதியில் கை வைக்கும்.

வழமையா போடுற காசுக்குத்தான் கடையில ரீலோட் போட்டன். பக்கேஜ் வரேல்ல, காசும் கரைஞ்சு போச்சுது. என்ன நடந்தது?

விலை மாறிய கிழமைகளில் கூடுதலாகக் காசு போகிற இடம் இதுதான். சில பக்கேஜுகள் ரீலோட் தொகையை வைத்தே தானாக இயங்கும். குறிப்பிட்ட தொகை சரியாக வந்தால் பக்கேஜ் ஆகும், ஒரு ரூபாய் மாறினாலும் சாதாரண மீதியாக விழும். விலை மாறியபின் பழைய தொகைக்கு எந்தப் பக்கேஜும் இல்லை. நீங்களும் கடைக்காரரும் பழைய பழக்கத்தில் அதே தொகையைப் போடுகிறீர்கள். காசு பிரதான மீதிக்குப் போகிறது. போனில் டேட்டா திறந்தபடி கிடக்கிறது. பக்கேஜ் இல்லாத டேட்டாவுக்கு எம்பிக் கணக்கில் வெட்டு விழும், அந்த விலை பக்கேஜ் விலையைவிடப் பல மடங்கு. பின்னணியில் பேஸ்புக் வீடியோவை இழுத்துக்கொண்டிருந்தால் மீதி கெதியில் கரைந்துவிடும்.

கொம்பனியிடம் ரீலோட் கடன் எடுத்திருந்தால் இன்னொரு வழியாலும் இதே முடிவு வரும். கடனாக 50 ரூபாய் எடுத்து, சேவைக் கட்டணமும் சில ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 300 ரூபாய்ப் பக்கேஜுக்கு 300 போட்டால், கடன் முதலில் கழியும், மிஞ்சுவது 245 அளவில். 300க்குக் காசு போதாது, பக்கேஜ் வராது, மிஞ்சியது எம்பிக் கணக்கில் கரையும்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. ரீலோட் போடமுன் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். கடை வாசலில் நின்றே செய்யலாம்.
2. பக்கேஜின் இன்றைய விலையைப் போன் மெனுவில் பாருங்கள். டயலொக்கில் #678# அடித்தால் பக்கேஜ் மெனு வரும். இணையம் இல்லாமலே இது வேலை செய்யும்.
3. கடன் நிலுவை இருந்தால் அதையும் கூட்டிப் போடுங்கள்.
4. ரீலோட் எஸ்.எம்.எஸ். வந்தபின், மெனுவில் போய் நீங்களே பக்கேஜைத் தெரிவுசெய்யுங்கள். தானாக ஆகும் என்று விடவேண்டாம்.
5. பக்கேஜ் ஆகிவிட்டது என்ற எஸ்.எம்.எஸ். வந்தபின்தான் டேட்டாவைத் திறவுங்கள். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்கவேண்டாம், முறைப்பாட்டுக்கு அதுதான் சான்று.

சிக்னல் குறைந்த இடத்தில் அந்த எஸ்.எம்.எஸ். பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தலாம். வரவில்லையே என்று இரண்டாம்முறை தட்டினால் இரண்டு பக்கேஜ் ஆகி, இரண்டுக்கும் நாள் ஒன்றாகவே ஓடும். முதலில் மீதியைப் பாருங்கள், பிறகு தட்டுங்கள்.

டேட்டா திறக்காமலே நாளுக்கு நாள் சில ரூபாய் குறையுது.

சாத்திரம், ரிங்கிங் டோன், விளையாட்டு, செய்தி எஸ்.எம்.எஸ். போன்ற கட்டணச் சேவை ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது. திரையில் திடீரென்று வந்த பெட்டியில் பிள்ளைகள் "ஓகே" தட்டினாலே போதும். வாடிக்கையாளர் சேவைக்கு எடுங்கள்: டயலொக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. தமிழைத் தெரிவுசெய்து, "என்ர நம்பரில் ஓடுற எல்லாக் கட்டணச் சேவையையும் நிப்பாட்டுங்கோ, எந்தத் திகதியில ஏறினது எண்டும் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். திகதியைக் கேட்பது முக்கியம். அதை வைத்துத்தான் வெட்டின காசைத் திருப்பிக் கேட்கலாம்.

விலை கூடப்போகுது எண்டு தெரிஞ்சால், பழைய விலையில ரெண்டு மூண்டு பக்கேஜ் வாங்கி வைக்கலாமோ?

ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும் பக்கேஜ் என்றால் வாங்கலாம். பல பக்கேஜுகள் வாங்கிய நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கும், மூன்றும் ஒரே நாளில் காலாவதியாகும். ஒன்றை மட்டும் கூட வாங்கி, மீதி காட்டும் எஸ்.எம்.எஸ்.ஸில் முடிவுத் திகதி தள்ளிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பக்கேஜ் அதன் நாள் முடியும்வரை பழைய விலையில்தான். ஆனால் தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருந்தால், அடுத்த முறை கேட்காமலே புது விலையை வெட்டும். விலை மாற்ற அறிவிப்பு வந்தவுடன் அதை நிறுத்திவிடுங்கள்.

அன்லிமிட்டட் எண்டுதானே எடுத்தது? இப்ப ஒரு படம்கூடத் திறக்குதில்லை.

"அன்லிமிட்டட்" பக்கேஜுகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் நியாயப் பாவனை எல்லை என்று ஒன்று இருக்கும். ஒரு நாளைக்கோ மாதத்துக்கோ குறித்த அளவைத் தாண்டினால் இணைப்பு அறாது, வேகம் விழும். விழுந்த வேகம் எவ்வளவு என்று வாங்கமுன் கேளுங்கள். 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு எம்பி படம் வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 64 என்றால் இரண்டு நிமிடம். வட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வேறொன்றும் ஓடாது. 1 எம்பிபிஎஸ் (1000 கேபிபிஎஸ்) என்றால் 360பி என்ற குறைந்த தெளிவு வீடியோ சமாளிக்கும். தொடர்ந்து ஓடினால் அந்த வேகத்தில் மணிக்கு 450 எம்பி போகும்.

கொழும்பில குடுக்கிற அதே விலையைத்தான் நாங்களும் குடுக்கிறம். ஒட்டுசுட்டானிலயும் துணுக்காயிலயும் ஏன் இந்த வேகம்?

பக்கேஜ் விலை நாடு முழுக்க ஒன்று, ஆனால் டவர் நெருக்கம் ஒன்றல்ல. வன்னியில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் காடும் வயலும் குளமும் கிடக்கின்றன. ஒரு டவர் பெரிய வட்டாரத்துக்குச் சேவை தருகிறது. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், ஆனால் ஒரே நேரத்தில் கொஞ்ச டேட்டாதான் கொண்டுபோகும். 1800, 2300 நிறையக் கொண்டுபோகும், ஆனால் தூரம் போகாது, மரம் அடர்ந்தால் இன்னும் குறையும். ஏ9 ஓரம் மாங்குளத்திலும் பரந்தனிலும் நன்றாக ஓடுகிற போன், உள்ளே இறங்க இறங்கத் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் இடத்தில் குறை சிக்னலிலா நெரிசலிலா என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நின்று விடியக்காலை 6 மணிக்கும் இரவு எட்டரைக்கும் வேகச் சோதனை செய்து, மூன்று நாள் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். விடிய நன்றாக இருந்து இரவில் விழுந்தால் நெரிசல்: டவரில் ஆட்கள் கூட, கொள்ளளவு குறைவு. அதைச் சரிசெய்யவேண்டியது கொம்பனி. இரண்டு நேரமும் மோசம் என்றால் சிக்னல்தான் குறை. அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் செட்டிங்ஸ், எபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 80, 85 நல்லது. மைனஸ் 100 சமாளிக்கும். மைனஸ் 110ஐத் தாண்டி 115, 120 என்று போனால் எந்தப் பக்கேஜ் போட்டும் வேகம் வராது, விலை கூடின பக்கேஜுக்கு மாறிக் காசைக் கரைக்கவேண்டாம். ஒரு வேகச் சோதனையே 4ஜியில் 20 முதல் 100 எம்பிவரை தின்னும், ஆகவே தேவைக்கு மட்டும் செய்யுங்கள்.

வீட்டு ரவுட்டர் வேகம் தருதில்லை. பெரிய பக்கேஜுக்கு மாறட்டோ?

சிம் போடும் ரவுட்டர் என்றால், முதலில் அதை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். தகரக் கூரை சிக்னலைப் பெரும்பாலும் மறைத்துவிடும். தகரக் கொட்டிலின் நடுவிலோ அலுமாரிக்குள்ளோ வைத்த ரவுட்டருக்கு எந்தப் பக்கேஜும் உதவாது. டவர் இருக்கும் திசையில் உள்ள யன்னலில், ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். இடத்துக்கு இடம் நகர்த்தி, ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்காமல் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். வெளி அன்ரெனா பூட்டும் துளை ரவுட்டரின் பின்புறம் இருந்தால், ஓட்டு வீட்டின் முகட்டுக்கு மேல் தடியில் கட்டிய அன்ரெனா நல்ல மாற்றம் தரும். கேபிளைப் பத்து மீற்றருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூடினால், மேலே பிடித்த சிக்னல் கீழே வரமுன் கேபிளிலேயே தேய்ந்துவிடும்.

எங்கட வீட்டுக்கு மாதம் எத்தனை ஜிபி வேணும்?

வட்ஸ்அப்பில் குரலில் மட்டும் கதைத்தால் மணிக்கு 30 எம்பியளவு. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற உறவுகளோடு முகம் பார்த்துக் கதைத்தால் மணிக்கு 300 எம்பியளவு, பத்து மடங்கு. யூடியூப் 360பியில் மணிக்கு 300 எம்பி, 720பியில் ஒரு ஜிபிக்கு மேல். டிக்டொக்கும் பேஸ்புக் வீடியோவும் விரல் தள்ளத் தள்ள அடுத்ததையும் முன்கூட்டியே இறக்கும், ஆகவே பார்த்ததைவிடக் கூடவே போகும்.

சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் சூம் வகுப்புத்தான் பெரிய செலவு. குழு வகுப்பில் வீடியோ ஓடினால் மணிக்கு 800 எம்பியிலிருந்து 2.4 ஜிபிவரை போகும். கிழமைக்குப் பத்து மணித்தியாலம் என்றால், குறைந்த கணக்கிலேயே 8 ஜிபி, நாலு கிழமைக்கு 32 ஜிபி. வகுப்புக்குள் மோர் மெனுவில் வருகிற வீடியோக்களை நிறுத்திவிட்டு, ஆசிரியரின் குரலும் அவர் காட்டும் பாடத் திரையும் மட்டும் வந்தால் மணிக்கு 100 எம்பியளவில் முடிக்கலாம். அதே பத்து மணித்தியாலம் ஒரு ஜிபிதான். ரியூசன் ஆசிரியர்கள் தங்கள் முகத்தை நிறுத்திவிட்டுப் பலகையை மட்டும் காட்டினால், விசுவமடுவிலும் நெடுங்கேணியிலும் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுச் செலவு பாதிக்கு மேல் குறையும். பெற்றோர் சேர்ந்து இதைக் கேட்கவேண்டும்.

போனில என்னென்ன மாத்தினால் மிச்சம் பிடிக்கலாம்?

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா என்ற இடத்துக்குப் போங்கள். மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவது என்ற பட்டியலில் படம், ஓடியோ, வீடியோ, ஆவணம் நாலிலும் உள்ள சரியை எடுத்துவிடுங்கள். கோயில் குழு, பள்ளிக்கூடக் குழு, ஊர்ச் சங்கக் குழு என்று பத்துக் குழுவில் இருப்பவருக்கு இது ஒன்றே நாளுக்குப் பல நூறு எம்பி மிச்சம். அதே பக்கத்தில் கோலுக்குக் குறைந்த டேட்டா பாவிக்கும் பொத்தானும் உண்டு, திறந்துவிடுங்கள்.

பிளே ஸ்டோரில் செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றுங்கள். கூகுள் போட்டோஸ் மொபைல் டேட்டாவில் படம் ஏற்றுவதை நிறுத்துங்கள். யூடியூப்பில் மொபைல் டேட்டாவுக்கான வீடியோ தரத்தை டேட்டா சேவருக்கு மாற்றுங்கள். பேஸ்புக்கில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். போனின் டேட்டாப் பாவனைப் பக்கத்தில் ஒரு நாள் அல்லது மாத எல்லை போட்டால், அந்த அளவு வந்தவுடன் போன் தானே டேட்டாவை நிறுத்தும். போனின் ஹொட்ஸ்பொட்டை லப்டொப்புக்குக் கொடுத்தால், விண்டோஸில் அந்த இணைப்பை "மீட்டர்ட்" என்று குறியுங்கள். மறந்தால், ஒரு விண்டோஸ் புதுப்பிப்பே கிழமைப் பக்கேஜைக் குடித்துவிடும்.

கொம்பனி மாறினால் மலிவோ?

தெரிவு சுருங்கிவிட்டது. முந்தி ஐந்து கொம்பனி இருந்தன. 2018இல் எட்டிசலாட்டை ஹட்ச் வாங்கியது. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச் என்று மூன்று. போட்டி குறையக் குறைய விலையை இறக்க அவர்களுக்கு அவசரம் இருக்காது. ஆணைக்குழு இதைக் கவனித்தே ஒவ்வொரு கட்டணத்துக்கும் அனுமதி கொடுக்கவேண்டும்.

மலிவைப் பார்க்கமுன் உங்கள் வளவில் எது பிடிக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டில் வேறு கொம்பனி சிம் இருந்தால், அந்தப் போனை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து இரவு எட்டரைக்குச் சோதியுங்கள். பழைய நம்பரை விடவேண்டியதில்லை. இரண்டு சிம் போடும் போனில் பழையதைக் கோலுக்கும் வங்கிக் குறியீட்டு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் வைத்து, மற்றதை டேட்டாவுக்கு வையுங்கள். செட்டிங்ஸில் டேட்டாவுக்கான சிம் எது என்று தெரிவுசெய்து, ஒரு சிம்மிலிருந்து மற்றதுக்கு டேட்டா தானாக மாறும் வசதியை நிறுத்துங்கள். அது திறந்திருந்தால் பக்கேஜ் இல்லாத சிம்மில் காசு போகும். பழைய சிம்மில் கொஞ்சக் காசு அவ்வப்போது போடாவிட்டால் இணைப்பு நிறுத்தப்படலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஸ்டார்லிங்க் எடுத்தால் என்ன?

ஸ்டார்லிங்க் டவர் இல்லாமல் செய்மதியிலிருந்து நேராக வரும் இணையம். 2024 ஓகஸ்டில் அனுமதி கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. டவர் எட்டாத இடத்துக்கு அது வேலை செய்யும், ஆனால் தனி வீட்டுக்குக் கட்டுபடியாகாது. அறிமுகமானபோது கருவிக்கே ஒரு லட்சத்துக்கு மேல். வானம் திறந்த இடம் வேண்டும், மாமரத்துக்குக் கீழே வைக்க முடியாது. ஒரு ரியூசன் கொட்டில், சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் சங்கம் போன்றவை சேர்ந்து எடுத்தால் யோசிக்கலாம்.

போஸ்ட்பெய்ட் பில் எனக்குச் சொல்லாமல் கூடியிருக்கு.

பில்லின் பின்பக்கத்தில் அல்லது முந்தைய மாத எஸ்.எம்.எஸ்.ஸில் அறிவிப்பு வந்திருக்கும். வரவில்லையென்றால் அறிவித்த திகதியை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தால் தண்டம் இல்லாமல் ப்ரீபெய்டுக்கு மாறலாம். அதுவரை கடன் எல்லையைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில இருந்து மகன் ரீலோட் போடுறவர். பக்கேஜ் வாறேல்ல.

வெளிநாட்டுத் தளங்கள் தங்கள் கட்டணத்தைக் கழித்து மிச்சத்தை அனுப்பும், தொகை சரியாக வராது. அவர் போட்டபின் நீங்கள் மெனுவில் போய்ப் பக்கேஜை எடுங்கள். போடமுன் உங்களுக்கு அறிவிக்கும்படி அவரிடம் சொல்லிவையுங்கள், அப்போது டேட்டாவை நிறுத்திவைக்கலாம்.

கரண்ட் போனால் சிக்னலும் போகுது. அந்த நாட்களுக்குக் காசு திரும்புமோ?

ஜெனரேற்றர் இல்லாத டவரில் பற்றரி சில மணித்தியாலம்தான் தாங்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து நீண்டநேரம் கரண்ட் போனால் டவரும் படுத்துவிடும், பக்கேஜ் நாட்கள் ஓடியபடி இருக்கும். தானாக ஈடு வராது. எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து, அதே டவரைப் பாவிக்கும் நாலைந்து வீட்டு நம்பர்களோடு சேர்ந்து முறையிட்டால் நாட்களை நீடித்துக் கேட்கலாம். தனி ஆளின் முறைப்பாடு போன் பழுது என்று தட்டிக் கழிக்கப்படும், ஒரே வட்டாரத்தின் ஐந்து முறைப்பாட்டை அப்படிக் கழிக்க முடியாது.

கடையில ரீலோட்டுக்கு மேலதிகமாக் காசு எடுக்கினம்.

அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக்கூடாது. பற்றுச்சீட்டு கேளுங்கள். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

முறைப்பாடு செய்தால் ஏதும் நடக்குமோ? எங்க, எப்படிச் செய்யிறது?

எண்ணிக்கையும் சான்றும் இருந்தால் நடக்கும். முதலில் கொம்பனிக்குச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். இலக்கம் தராமல் "பார்க்கிறம்" என்றால் அது முறைப்பாடே இல்லை. மல்லாவியிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ பஸ் ஏறி நகரத்துக் கிளைக்குப் போகத் தேவையில்லை, கோலிலேயே இலக்கம் வாங்கலாம். கேட்கவேண்டியதை நேராகக் கேளுங்கள்: "இண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்கு 300 ரூபாய் போட்டன். ஒன்பதரைக்கு 40 ரூபாய் இருக்கு. இடையில எது எதுக்கு எவ்வளவு வெட்டினது?"

பதில் திருப்தியில்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பணிப்பாளர் நாயகம், 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். அரச நிறுவனத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் உள்ளது. கடிதத்தில் இவை இருக்கவேண்டும்: பெயர், அடையாள அட்டை இலக்கம், சிம் நம்பர், சிம் யார் பெயரில் உள்ளது, திகதியும் நேரமும், போட்ட தொகை, வந்த எஸ்.எம்.எஸ்.ஸின் சொற்கள் அப்படியே, கொம்பனியின் முறைப்பாட்டு இலக்கம், நீங்கள் கேட்கும் பரிகாரம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்கவேண்டாம். "வெட்டிய 260 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும்" என்று எழுதுங்கள். சிம் வேறொருவர் பெயரில் இருந்தால் கொம்பனி அதைச் சாட்டாகப் பிடிக்கும். ஆகவே அதை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

விலையை அனுமதிச்ச கடதாசியை நாங்கள் பார்க்கலாமோ?

கேட்கலாம். ஆணைக்குழு அரச நிறுவனம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலருக்கு இப்படி எழுதினால் போதும்: "இன்ன கொம்பனியின் இன்ன பெயருடைய டேட்டா பக்கேஜுக்கு இன்ன திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த கட்டணத்துக்கு ஆணைக்குழு வழங்கிய அனுமதியின் திகதி, அனுமதித்த விலை, அனுமதித்த டேட்டா அளவு, செல்லுபடிக் காலம் ஆகியவற்றின் பிரதி வேண்டும்." தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். வந்த பிரதியில் உள்ள ஜிபி அளவும் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள அளவும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் இணைத்து மறுபடி ஆணைக்குழுவுக்கே முறைப்பாடாக அனுப்புங்கள்.